ஈ, தா, கொடு: ஆற்றுப் பணத்தின் இலக்கணம்

1

நொய்யல் கரைக் கிராமம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம். ஆற்றைப் பாதுகாக்க ஒரு திட்டம் வரப்போகிறது, மூன்று வருடத்துக்குப் பணம் இருக்கிறது, ஊருக்கு ஒரு குழு போட வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்து இளைஞர் விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல பையன். ஆற்றின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். அவர் பேசி முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இந்தப் பணத்துக்கு நீங்க ஆருகிட்டக் கணக்குச் சொல்லோணும்?" இளைஞர் பணம் தரும் அமைப்பின் பெயரைச் சொன்னார். "அப்ப எங்ககிட்டச் சொல்ல வேண்டியதில்லீங்களா?" "உங்களுக்கும் சொல்லுவோங்க." "சொல்லுவீங்க. சொல்லியே ஆகோணும்னு இல்லீங்களே?"

கூட்டம் சிரித்தது. இளைஞரும் சிரித்தார். வேடிக்கை பார்க்கப் போன நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. இந்தக் கட்டுரை அதைத் தொடர்ந்து யோசித்ததன் விளைவு.

தொண்டு நிறுவனங்கள் பற்றிய நமது விவாதம் நாற்பது ஆண்டுப் பழசு. 1984இல் 'தி மார்க்சிஸ்ட்' இதழில் பிரகாஷ் காரத் எழுதிய கட்டுரை தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்திய உத்தியின் ஒரு கூறாக அடையாளம் காட்டியது. பிறகு தொண்ணூறுகளில் இங்கே நடந்த சண்டைகள் பலருக்கும் நினைவிருக்கும். ஒருவரை வீழ்த்த வேண்டுமா? 'இவருக்கு எங்கேயிருந்து காசு வருது?' என்று கேட்டால் போதும். கேள்வி தப்பானதல்ல. அரசியலைத் திட்டமாகவும், தோழர்களை ஊழியர்களாகவும், கோரிக்கையை அறிக்கையாகவும் மாற்றும் வேலையைக் காசு செய்யவே செய்தது. அதை மறுக்க நான் வரவில்லை.

ஆனால் அதே கேள்வியை இன்று அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. 2012 பிப்ரவரியில் கூடங்குளம் எதிர்ப்புக்குப் பின்னால் வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் சொன்னார். 2014இல் வெளியான உளவுத்துறை அறிக்கை, இத்தகைய போராட்டங்களால் நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்கு இரண்டு முதல் மூன்று சதவீதம் குறைகிறது என்று கணக்குப் போட்டது. நர்மதையின் சர்தார் சரோவர் அணைக்கு 1985இல் உலக வங்கி 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டதே, அதுவும் வெளிநாட்டுக் காசுதான். அணை கட்ட வந்தால் வளர்ச்சி, அணையால் மூழ்குகிறவர்கள் பக்கம் வந்தால் சதி. பணத்தின் பிறப்பிடத்தை மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தால், நாமும் உளவுத்துறையும் ஒரே வாக்கியத்தைப் பேச வேண்டி வரும்.

பெரியவர் பிறப்பிடத்தைக் கேட்கவில்லை. கணக்கு எந்தத் திசையில் போகிறது என்று கேட்டார். பணம் வருகிற திசையும் கணக்கு போகிற திசையும் ஒன்றாகவே இருக்க வேண்டுமா?

2

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வருவது இயற்கை. சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இரத்தலுக்குரிய மூன்று சொற்கள் பிரித்துச் சொல்லப்படுகின்றன. தாழ்ந்த நிலையில் நிற்பவர் கேட்டால் 'ஈ'. சமமானவர் கேட்டால் 'தா'. உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'. மூன்றும் குறிப்பது ஒரே செயலைத்தான்: பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. மாறுவது கேட்பவர் நிற்கும் இடம்.

தொல்காப்பியர் ஏற்றத்தாழ்வை விமர்சிக்கவில்லை, மொழியில் அது பதிந்திருப்பதைக் காட்டுகிறார். அந்த மூன்றை நான் இங்கே கொஞ்சம் வளைத்துக்கொள்கிறேன். 'உயர்ந்தோன்' என்ற இடத்தில் 'உரிமையுள்ளவர்' என்று வைத்துப் படிக்கிறேன். வலிந்த வாசிப்புதான், தெரிந்தே செய்கிறேன். ஆற்றைக் காக்கும் வேலைக்கு வரும் பணம் எல்லாவற்றையும் இந்த மூன்று சொல்லுக்குள் அடுக்கிப் பார்க்கலாம். நன்கொடை, பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எல்லாம் 'ஈ'. ஊரார் தமக்குள் போட்டுக்கொள்ளும் உழைப்பும் வரியும் 'தா'. ஆற்றைக் கெடுத்தவரிடமிருந்தும், கெடுக்க அனுமதித்த அரசிடமிருந்தும் வாங்கவேண்டியது 'கொடு'. ஒவ்வொன்றும் ஆற்றங்கரையில் வேறு வேறு மனிதர்களை உருவாக்குகிறது.

3

முதலில் 'ஈ'.

திட்ட வரைவு என்பது ஓர் இலக்கிய வகை. இருநூறு வரைவுகளைப் படித்தாலும் ஒரே கட்டமைப்புத்தான்: பிரச்சினை, நோக்கம், செயல்பாடு, காலவரை, எதிர்பார்க்கும் விளைவு, அளந்து காட்டத்தக்க குறியீடுகள். ஆற்றுப்படையில் பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவான். இன்று நிறுவனங்கள் கூடும் கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளையில் நடப்பதும் அதுவே. ஆறு அங்கே வழியாகத்தான் இருக்கிறது, நீராக இல்லை.

இந்த வகைமைக்கு மூன்று விதிகள் உண்டு. முதல் விதி காலம். திட்டம் மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. ஆறு கெட்டது முப்பது ஆண்டில், திரும்ப வேண்டியது எத்தனை ஆண்டிலோ. மண்ணில் இறங்கிய உப்புக்கும் குரோமியத்துக்கும் நிதியாண்டு தெரியாது.

இரண்டாவது விதி, எழுவாய். கரையில் வாழ்கிற விவசாயி, மீன் பிடிப்பவர், துணி வெளுப்பவர், மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த பெண் எல்லாரும் திட்ட வரைவில் 'பயனாளிகள்' ஆகிறார்கள். பயனாளி என்பவர் வாக்கியத்தில் நான்காம் வேற்றுமை உருபோடு மட்டுமே வருவார்: பயனாளிகளுக்குப் பயிற்சி, பயனாளிகளுக்கு விழிப்புணர்வு. அவர் எழுவாயாக வந்து எதையும் செய்வதில்லை, யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை.

மூன்றாவது விதிதான் ஆற்றுக்கு அதிகம் கேடு செய்வது: புதிதாகக் கட்டுவதற்குப் பணம் உண்டு, பழுது பார்ப்பதற்குப் பணம் இல்லை. கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், படம் எடுக்கலாம். வாய்க்கால் தூரை ஒவ்வொரு வருடமும் அள்ளுவதை என்னவென்று படம் எடுப்பது? இது நன்கொடையாளரின் நோய் மட்டும் அல்ல, அரசுக்கும் உண்டு. 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மத்திய அரசுப் பணத்தில் எழுந்தன. அவற்றை ஓட்ட வேண்டிய உள்ளாட்சிகளிடம் ஆள்சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் காசில்லை, மின்சாரமே ஒழுங்காக வரவில்லை. நிலையம் இருந்தது, சாக்கடை பக்கத்து வழியாக ஆற்றுக்குள் போயிற்று. 2015இல் நமாமி கங்கைக்கு ஐந்தாண்டுக்கென்று 20,000 கோடி ரூபாய் ஒப்புதலானபோது, பராமரிப்பையும் சேர்த்து மத்திய அரசே ஏற்கும் என்று சொல்ல வேண்டி வந்தது அந்தப் பழைய அனுபவத்தால்தான். ஆனால் பணம் இருந்தும் ஆறு பேசுகிறவர்களைக் கேட்பதில்லை என்பதையும் அதே கங்கை காட்டியது. மேல்கங்கையில் நீர்மின் அணைகளை நிறுத்தவும் ஆற்றைத் தடையின்றி ஓட விடவும் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பேராசிரியர் ஜி.டி. அகர்வால் 2018 அக்டோபர் 11 அன்று, 111ஆம் நாளில் இறந்தார்.

இனி சட்டம். இரண்டு சட்டங்களைச் செயல்பாட்டாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்று, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. சூழல் சமநிலை அதற்கான பட்டியலில் இருக்கிறது, தூய்மைக் கங்கை நிதிக்குத் தரும் பணமும் அதில் சேரும். எந்த ஊர், எந்தக் குளம், எந்த நிறுவனம் வழியாக என்பதையெல்லாம் கம்பெனியின் இயக்குநர் குழு தீர்மானிக்கிறது. கணக்கும் அங்கேதான் போகும். லாபத்தில் 2 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். ஆற்றுக்கு விளைந்த சேதத்தின் அளவு இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. மேலே ஓர் ஆலை கழிவை விட்டுக்கொண்டே கீழே கரையில் மரக்கன்று நடலாம், இந்தப் பிரிவு அதற்குத் தடை சொல்லாது. அப்படி நட்ட கன்றுக்கு நாம் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். நெருக்கடிநிலையின்போது 1976இல் பிறந்தது, 2010இல் புதுச் சட்டமாக வந்தது, 2020இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில் மூன்று அம்சங்கள் முக்கியம். பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து சேர வேண்டும். பெற்ற பணத்தை வேறு அமைப்புக்குப் பிரித்துத் தரக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டாவது அம்சம், ஆங்கில அறிக்கை எழுதத் தெரியாத சின்னக் குழுக்களை வெட்டியது. பெரிய நிறுவனம் வாங்கி நாலு கரையோரக் குழுக்களுக்குப் பிரித்துத் தரும் வழி அடைபட்டது. மூன்றாவது இன்னும் நுட்பமானது. விதிகளின்படி வழக்குச் செலவும் நிர்வாகச் செலவில்தான் சேரும். ஆற்றைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு வழக்கு நடத்துவது என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். மரம் நடலாம், முகாம் நடத்தலாம், நீதிமன்றப் படி ஏற மட்டும் யோசிக்க வேண்டும்.

ஆக 'ஈ' என்று கேட்டு வாங்கும் பணம் கெட்ட பணம் என்று சொல்ல மாட்டேன். அது ஒரு வேலைக்கு ஆகும், இன்னொரு வேலைக்கு ஆகாது. ஆகாத வேலைதான் ஆற்றுக்கு அவசியமானதாக இருந்து தொலைக்கிறது.

4

'அப்படியானால் நம்ம பாட்டன் முறைக்கே போயிடலாமே, குடிமராமத்து இருந்ததே' என்பார்கள். இது 'தா'. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நமது ஏக்கங்கள் அதிகம்.

மராமத்து என்றால் பழுதுபார்த்தல். புதிதாகக் கட்டுவதைப் பற்றிய சொல்லே அதில் இல்லை. கரை உயர்த்துதல், மடை சரிசெய்தல், வரத்துக்கால் வெட்டுதல் என்று வருடந்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை. நீர்ப்பாசனத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் பற்றிப் பேசுகின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விதி, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்பது. பெரியவரின் கேள்விக்கு ஆயிரத்து நூறு வருடம் முன்பே கல்லில் பதில் இருந்திருக்கிறது.

ஆனால் அதே கல்வெட்டு யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படலாம் என்றும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதப் பயிற்சி. அது ஒரு பிராமணச் சபை. ஏரியில் மண் சுமந்தவர்கள் கணக்குக் கேட்கும் இடத்தில் இல்லை. தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறந்து, நீர் பங்கிட்டு, இரவில் கரை காத்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அவர்கள் பங்கிட்ட நீரில் அவர்களுக்கு நிலம் இல்லை. சிவகங்கை, இராமநாதபுரப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், கண்மாய்ப் பராமரிப்பு தன்னாட்சி பெற்ற கிராமத்தின் கூட்டுறவால் மட்டும் நடந்ததல்ல, அரசதிகாரத்தோடும் சாதி மரியாதையோடும் பிணைந்தது என்று 2003இல் வந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் புகழ்ச்சியை ஏன் அப்படித் தாக்கினார் என்பதற்கு ஏரிக்கரையிலும் விடை கிடக்கிறது.

வெள்ளைக்காரன் இந்த ஏற்பாட்டைச் சட்டமாக்கிய விதமும் சுவாரசியமானது. 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்து உழைக்கும் வர்க்கத்து ஆண்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது. வழக்கப்படி குடிமராமத்துக்குக் கட்டுப்பட்டவர் வர மறுத்தால் உழைப்பின் மதிப்பில் இரு மடங்கு கட்ட வேண்டும். 'தா' என்ற சொல் காலனியச் சட்டத்தில் வெறும் ஏவலாகிப் போயிற்று. வரியை அரசு எடுத்துக்கொண்டது, வேலையை ஊருக்கு விட்டது.

2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. முதலில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். 2019-20இல் 499.68 கோடி, 1,829 பணிகள். பத்து சதவீதத்தை ஆயக்கட்டு விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது விதி. சங்கம் உயிரோடு இருந்த ஊரில் அது வேலை செய்தது. இல்லாத ஊரில் பத்து சதவீதத்தை ஒப்பந்தக்காரரே போட்டதாகக் கணக்கு எழுதப்பட்டால் கேட்பதற்கு ஆள் இருக்குமா? பெயர் பழசு, பணத்தின் பாதை புதுசு.

சரி, 'தா' எங்கேயாவது உண்மையிலேயே நடந்ததா என்றால் ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்து அர்வாரி ஆற்றைத்தான் சொல்ல வேண்டும். ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கம் 1985இல் அங்கே போனது. 'ஜோகட்' என்னும் பழைய மண்கரைக் குட்டைகளை ஊர் ஊராகத் திரும்பக் கட்டினார்கள். சங்கம் வெளியிலிருந்து நிதி வாங்கியது, வெளிநாட்டு உதவி அமைப்புகளிடமும் வாங்கியது. ஆனால் ஊர் தன் பங்கை உழைப்பாகப் போடாமல் வேலை தொடங்குவதில்லை, எங்கே கட்டுவது என்பதை ஊர்க்கூட்டம் சொல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். மழைக்கு மட்டும் ஓடிய அர்வாரி தொண்ணூறுகளின் நடுவில் ஆண்டு முழுதும் ஓடத் தொடங்கியது.

நம் கேள்விக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. தண்ணீர் வந்தது, மீன் வந்தது. மீன் வந்ததும் அரசு வந்தது. 1996இல் அரசு மீன்பிடி உரிமையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது. ஊர்கள் எதிர்த்து நின்று அதைத் தடுத்தன. 'ஆற்றை வரவழைத்தவர் நாங்கள், ஏலம் விட நீ யார்?' என்பதுதான் சாரம். அந்தச் சண்டையிலிருந்து 1999இல் எழுபதுக்குக் குறையாத கிராமங்களின் 'அர்வாரி நாடாளுமன்றம்' பிறந்தது. எந்தப் பயிர் வைக்கலாம், எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று அது விதி செய்தது. சட்டத்தின் பார்வையில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. 2001இல் லாவா கா பாஸ் என்ற ஊரில் மக்கள் கட்டிய தடுப்பணையைச் சட்டவிரோதம் என்று நீர்ப்பாசனத் துறை இடிக்கச் சொன்னது. ராஜேந்திர சிங்குக்கு மக்சேசே விருது கிடைத்ததும் அதே 2001இல்தான்.

ஒரு குழுவிடம் பணம் கொடுத்தவர் யார் என்பதைவிட, ஆற்றில் மீன் வந்த பிறகு ஏலம் யாருடையது என்பதில்தான் திட்டத்தின் அரசியல் வெளிப்படுகிறது. அதுவரை எல்லாரும் நண்பர்கள்.

5

மூன்றாவது 'கொடு'. தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. ஆனால் நாம் இதை நிதி என்றே எண்ணுவதில்லை, வழக்கு என்று எண்ணிவிடுகிறோம்.

பாலாற்றில் தோல் ஆலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டு ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியை உருவாக்கச் சொன்னது, சேதத்தை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்தச் சூழல் இழப்பு ஆணையம் 2001இல் வேலூர்ப் பகுதியில் 29,193 பாதிக்கப்பட்டோருக்கு 26.82 கோடி ரூபாய் என்று தீர்த்தது. நொய்யலில் 2004இல் 28,596 விவசாயிகளுக்கு 24.79 கோடி.

தொகை பெரிதாகத் தெரிகிறதா? வகுத்துப் பாருங்கள். அங்கே ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய், இங்கே 8,700. உப்பேறிய நிலத்துக்கும் குடிக்க முடியாத கிணற்றுக்கும் இதுதான் விலை. 'இதை வாங்குறதுக்கு அலைஞ்ச பஸ் காசே இவ்வளவு ஆகியிருக்கும்' என்று யாரேனும் சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் இந்தப் பணத்துக்கு ஒரு தன்மை உண்டு: இதற்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. வாங்குபவர் பயனாளி இல்லை, வாதி. செய்தது குற்றம் என்ற ஒப்புதல் இந்தப் பணத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்த வள்ளலும் அந்த ஒப்புதலோடு பணம் தருவதில்லை.

நொய்யல் கதையைக் கொஞ்சம் தொடர்கிறேன். 1992இல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது, பாசனத்துக்கு என்று. திருப்பூரின் சாயக்கழிவு அதில் தேங்கியது. சில ஆண்டுகளுக்குள், அணையைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பாசன விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. தண்ணீர் கேட்டுப் போராடுவதுதான் விவசாயி வழக்கம், தண்ணீர் வேண்டாம் என்று போராடியது இங்கே. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், கழிவுநீர் துளியும் வெளியேறாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டும் என்றும், அதுவரை விடும் நீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் என்றும் உத்தரவிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உத்தரவு நடக்கவில்லை என்று கண்டு 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகள் அனைத்தையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

இந்த இடத்தில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூடிய ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் யார்? தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அங்கே கண்மாய் வறண்டதால் கிளம்பியவர்களும் உண்டு. இழப்பீட்டுக்கு மனுப்போடப் பட்டா வேண்டும். பட்டா இல்லாத விவசாயக் கூலி எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? வேலை போன சாயப்பட்டறைத் தொழிலாளி எந்த ஆணையத்துக்குப் போவார்? 'கொடு' என்ற சொல்லை நிலமுள்ளவர் மட்டும் சொல்ல முடிகிறது என்றால் உத்திரமேரூரின் கால் வேலி இன்னும் நம்மை விடவில்லை. இதை எதிர்த்தரப்பு வாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆற்றைக் காக்கும் இயக்கம் தொழிலாளியையும் வாதியாகச் சேர்த்துக்கொள்ளாதவரை, முதலாளி அவரைத் தன் கேடயமாக வைத்துக்கொள்வார்.

2025 ஜனவரி 30 அன்று பாலாறு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இழப்பீடு வராதவர்களுக்கு அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், சூழலுக்கு விளைந்த சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றது. 1991இலிருந்து 2025 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள். எந்த மூன்றாண்டுத் திட்டமும் இதைத் தாங்கியிருக்காது. தாங்கியது ஊர்க்காரர்களின் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கான செலவை எந்த நிதி நிறுவனமும் வரவுசெலவில் எழுதியதில்லை.

வேறொரு நாட்டில் இது வேறு விதமாக முடிந்திருக்கிறது. நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றுக்காக மாவோரி மக்கள் 1870களிலிருந்து முறையிட்டு வந்தார்கள். 2017இல் ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்ற சட்டம் வந்தது. ஆற்றின் சார்பில் பேச இருவர், ஒருவர் அம்மக்கள் சார்பில், ஒருவர் அரசு சார்பில். ஆற்றின் நலத்துக்கென 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி, அந்த மக்களுக்கு இழைத்ததற்கு ஈடாக 8 கோடி டாலர் தனியாக. அங்கே நிதி நன்கொடையாக வரவில்லை, அநியாயத்தை ஒப்புக்கொண்ட உடன்படிக்கையின் பகுதியாக வந்தது. அதே 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் கங்கையையும் யமுனையையும் ஆள் என்று அறிவித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நம் கங்கை சில மாதம் மட்டும் ஆளாக இருந்தது, அதுவும் பையில் காசில்லாத ஆள்.

6

காசே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. நீர்மாதிரி எடுத்துப் பரிசோதிக்கக் காசு வேண்டும், வக்கீலுக்கு வேண்டும், வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வரும் கூலிக்காரருக்கு அன்றைய கூலி வேண்டும். 'ஈ' என்று கேட்டு வாங்கிய பணத்தைத் 'தா'வுக்கும் 'கொடு'வுக்கும் திருப்பிவிட முடியுமா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. பணம் வாங்கும் முன் ஒரு குழு தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை என்று சில தோன்றுகின்றன.

கணக்கை ஊர்க்கூட்டத்தில் தமிழில் வாசிக்க ஒப்பந்தத்திலேயே இடம் உண்டா? ஊர் 'இது சரியில்லை' என்று சொன்னால் செலவை நிறுத்த முடியுமா? கட்டுவதற்கு மட்டுமா, மராமத்துக்கும் உண்டா? இந்தப் பணத்தில் வழக்குப் போட முடியுமா? முடியாதென்றால் வழக்குக்கு ஊர் தனியாக ஓர் உண்டியல் வைத்திருக்கிறதா? உழைப்புப் பங்கு என்று எழுதும்போது யாருடைய உழைப்பு, யாருடைய நிலத்துக்குப் போகிறது? நிலமில்லாதவர் உழைப்பைத் தந்தால் அவருக்கு மீனிலோ புல்லிலோ மரத்திலோ பங்கு எழுதியிருக்கிறதா? பணம் தருபவரே ஆற்றைக் கெடுப்பவராக இருந்தால், அவரிடம் 'ஈ' என்று கேட்ட வாயால் நாளை 'கொடு' என்று கேட்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முடியும் என்று பதில் சொல்லுகிற குழுவை நான் பார்த்ததில்லை.

நான் போயிருந்த அந்தக் கூட்டத்தின் திட்டம் மூன்று வருடம் நடந்து முடிந்தது. தப்பாக எதுவும் நடக்கவில்லை. கரையில் மரங்கள் நட்டார்கள், பாதி பிழைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றைப் பற்றிப் பாடம் நடந்தது. இளைஞர் இப்போது வேறு மாவட்டத்தில் வேறு திட்டத்தில் இருக்கிறார். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பெரியவரைப் பார்த்தேன். கணக்குச் சொன்னார்களா என்று கேட்டேன். "பொஸ்தகமாப் போட்டு ஒண்ணு குடுத்தாங்க. இங்கிலீசுல இருந்துச்சுங்க" என்றார். பிறகு, "சாயத் தண்ணிக் கேசுல நாங்க போட்ட காசுக்கு நோட்டு இருக்குதுங்க, பாக்கறீங்களா?" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. பேர், தொகை, தேதி, வக்கீலுக்குக் கொடுத்தது, பஸ் காசு. சில பேருக்கு எதிரே தொகை இல்லை, 'ஒரு நாள் வந்தார்' என்று மட்டும் எழுதியிருந்தது.